வாங்கத் தெரிந்தது, பேணத் தெரியவில்லை

அரசு கொடுத்த லேப்டாப் ஓட்டை லேப்டாப் என்று பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இப்படிச் சொல்பவர்களில் முதல் வரிசையில் நிற்பது நாங்கள்தான். சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பிறந்து, அரசுப் பள்ளியிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும் படித்து, பிளஸ் டூவில் அந்த லேப்டாப்பை வாங்கி, அதில் விரல் பழகி, சேலத்துக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு இறங்கிப் போன தலைமுறை நாங்கள். எங்கள் வீட்டுப் பரண்களில் அது இன்னும் கிடக்கிறது. "ஆன் ஆகவே அரை மணி நேரம் ஆகுது, அது எதுக்கு ஆவும்?" என்று வீட்டில் கேட்டால் நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

தலையாட்டியது தப்பு. அந்தப் பெட்டிகள் பலவற்றில் காலாவதியானது ஒரே ஒரு பாகம்தான். அதை மாற்ற ஒரு சின்னத் திருப்புளி போதும். சில ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே செலவாகியிருக்கும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. எங்களில் பாதிப் பேருக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் சொந்த லேப்டாப்புக்கு அதைச் செய்துமிருக்கிறோம். பரணில் இருந்ததற்குத்தான் செய்யவில்லை.

கையில் வந்தது

2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்குத் தருவது என்பது திட்டம். 2020 வாக்கில் அது நின்றபோது ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்து முடித்திருந்தார்கள். எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. முதல் சுற்றில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். மூடியிலும் பையிலும் முதல்வர் படம்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, எங்கள் மலையில், அந்த லேப்டாப்பின் பொருள் வேறு. ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகளுக்கு நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அதே மலையில், காபித் தோட்டத்தில் நாள் கூலிக்குப் பழம் பறிக்கும் மலையாளிப் பழங்குடி வீட்டில், கணினி என்பது பள்ளியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பொருள். அது வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். சாதிச் சான்றிதழுக்கும் நிலப் பட்டாவுக்கும் நடையாய் நடந்த வீட்டில், அரசு தானாகக் கொண்டுவந்து கொடுத்த பொருள் அது. அதன் மதிப்பு எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வந்த புதிதில் பூஜை போட்டு, பொட்டு வைத்து, தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்தவர்களும் நாங்கள்தான்.

முதலிலேயே எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று இன்று கேட்பது நியாயமில்லை. 2011இல் எஸ்எஸ்டியின் விலை ஒரு ஜிபிக்கு ஒரு டாலருக்கும் மேல். 320 ஜிபிக்குக் கணக்குப் போட்டால் அந்தப் பாகம் மட்டுமே மொத்த லேப்டாப் விலையைத் தாண்டிவிடும். திட்டம் தொடங்கிய ஓரிரு மாதத்தில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து, அங்கிருந்த ஆலைகள் மூழ்கி, சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கே உலகம் முழுவதும் தட்டுப்பாடு வந்தது. அன்றைக்கு ஹார்டு டிஸ்க் போட்டது சரியான முடிவு. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் எஸ்எஸ்டி விலை இறங்கிக்கொண்டே வந்ததே, அப்போது நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதுதான் கேள்வி.

எது மெதுவானது

அந்த லேப்டாப் ஏன் தவழ்ந்தது என்பதைச் சரியாகச் சொல்லியிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். "பிராசஸர் டப்பா" என்று சொல்லி முடித்துவிட்டோம். கணக்குப் போட, கடிதம் எழுத, பாடம் பார்க்க அந்தப் பிராசஸர் போதுமானது. தடங்கல் வேறிடத்தில் இருந்தது.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு முனை, நானோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய இடைவெளியில் மிதந்தபடி, எழுதியதைப் படிக்கிறது. ஒரு தகவல் வேண்டுமென்றால் முனை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், தட்டு சுற்றி அந்த இடம் முனைக்குக் கீழே வர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 15 மில்லி விநாடி. சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு அறுபது எழுபது துண்டுகளுக்கு மேல் அதனால் முடியாது. காபித் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: காய்த்துக் குலுங்கும் ஒரே வரிசையில் பறித்துக்கொண்டே போனால் கூடை நிறையும், தோட்டம் பூராவும் நடந்து செடிக்கு ஒரு பழம் பறி என்றால் பொழுது நடையிலேயே போய்விடும்.

விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அப்படித்தான் தேடித் தேடிப் படிக்கிறது. 2 ஜிபி ரேம் நிறைந்துவிட்டால், இடம் போதாமல் ஹார்டு டிஸ்க்கிலேயே எழுதி வைத்து மறுபடி எடுக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவந்து நிற்கும். பிராசஸர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. சிலிக்கான் சில்லில் எந்தத் துண்டாக இருந்தாலும் மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படிக்கும். பழைய லேப்டாப்பின் சாட்டா இணைப்பு எஸ்எஸ்டியின் முழு வேகத்தையும் தாங்காதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டுமே தெரியும். அன்றாட வேலையில் நேரத்தைத் தின்றது இந்தத் தேடல்தான், அந்தத் தேடல் எஸ்எஸ்டியில் இல்லாமலே போய்விடுகிறது.

மலைக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க் குலுங்கினால் முனை தட்டில் உரசலாம். மூடியை மட்டும் மூடிவிட்டு, லேப்டாப் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் நின்றபடி போய்வந்த எங்களுக்கு அது தெரியாது. எத்தனை டிஸ்க் அப்படிக் கெட்டதோ. எஸ்எஸ்டிக்கு அந்தக் குலுக்கல் ஒன்றுமே இல்லை.

இதெல்லாம் ரகசியம் அல்ல. எங்களில் சிலர் பொறியியல் படித்தோம். சிலர் சேலத்தில் சர்வீஸ் கடைகளில் வேலை பார்த்தோம். மலையிலிருந்து ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து கடையில் வைத்தால், "ஃபார்மேட் அடிச்சுத் தரேன், ஆனா ரொம்ப நாளு வராது, புதுசு பார்த்துக்கங்கண்ணே" என்று சொல்லி அனுப்பினோம். ஃபார்மேட் அடித்தது ஒரு மாதம் தாங்கியது. அவர் மறுபடி வரவில்லை. டிஸ்க்கை மாற்றினால் போதும் என்ற ஒரு வார்த்தையை அன்று சொல்லியிருக்கலாம்.

அழித்த இடம்

அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் இருந்தது. பெயர் போஸ். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. இந்திய மொழிகளுக்காக என்றே செய்தது. தமிழில் பட்டியல்கள், தமிழில் தட்டச்சு, லைசென்ஸ் காசு கிடையாது, வைரஸ் தொல்லையும் அரிது. வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கணினியைக் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

நாங்கள் முதல் வேலையாக அதை அழித்தோம். கடையில் கொடுத்து, "இந்த போஸை எடுத்துட்டு ஃபுல்லா விண்டோஸ் போடுங்க" என்றோம். கிராக் செய்த விண்டோஸ் வந்தது, அதோடு வைரஸும் வந்தது. மிச்சமான இடத்தைப் படத்தாலும் பாட்டாலும் நிரப்பினோம். படம் பார்த்ததில் குற்றமில்லை, பதினேழு வயதில் வேறென்ன செய்வார்கள். ஆனால் எங்களுக்கு வழி காட்டும் இடத்தில் இருந்த ஆசிரியர்களும், முதலில் கணினி படித்த அண்ணன்மார்களும் போஸை ஒருநாள்கூடத் திறந்து காட்டவில்லை. பிறகு நாங்களே அண்ணன்மார் ஆனோம். அடுத்த செட்டுக்கு நாங்களும் காட்டவில்லை.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் பிராசஸரும் இந்த லேப்டாப்புகளில் கிடையாது. ஆக, இன்று இவற்றுக்கு உயிர் கொடுக்க நினைத்தால் எஸ்எஸ்டியோடு ஒரு லினக்ஸையும் போடுவதுதான் நேரான வழி. தொடக்கத்திலேயே உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டு, பதினைந்து ஆண்டு சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

யார் கைக்குப் போனது

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தங்கைக்கு வந்த லேப்டாப்பை அண்ணன் எடுத்துக்கொண்ட வீடுகள் உண்டு. பெண்பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம், லேப்டாப் பிறந்த வீட்டிலேயே நின்றுவிட்டது. அவள் பெயரில் கொடுத்தது, அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியது. அவளுக்கு ஒரு டைப்பிங் வேலையாவது, இ-சேவை மைய வேலையாவது கிடைத்திருக்கக்கூடிய கருவி அது. "உனக்கு எதுக்குப் புள்ள?" என்று கேட்டவர்களும் எங்கள் கூட்டத்தில்தான் இருக்கிறோம். சிலர் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் விற்றோம். அரசு முத்திரை இருப்பதால் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு விற்றோம். வீட்டு அவசரத்துக்கு விற்றவர்களைக் குறை சொல்லவில்லை. செல்போன் மாற்றுவதற்காக விற்றவர்களைத்தான் சொல்கிறோம்.

2020

எங்கள் தவறுகளின் கணக்கில் மிகப் பெரிய பற்று 2020ஆம் ஆண்டின் கீழ் எழுத வேண்டியது.

மார்ச்சில் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, தனியார் பள்ளிகளில் ஆன்லைன் வகுப்பு. மலையில் வீட்டுக்கு ஒரு செல்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். போன் இருந்தாலும் சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும். மேகம் இறங்கினால் அதுவும் இல்லை.

2020 ஜூலையில் அரசு ஒரு நல்ல யோசனை செய்தது. பிளஸ் டூ மாணவர்கள் தங்கள் லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்துவந்தால், உயர் தொழில்நுட்பக் கூடத்திலிருந்து பாட வீடியோக்களை அதில் ஏற்றிக்கொடுப்பது என்பது ஏற்பாடு. இணையம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். எங்கள் ஊர் மாதிரி இடத்துக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

இங்கேதான் எங்கள் குற்றம் முழு அளவில் தெரிகிறது. பிளஸ் டூ பிள்ளையிடம் புதிய லேப்டாப் இருந்தது. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படித்த பிள்ளைகளிடம் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பரணில், அண்ணனோ அக்காவோ சித்தப்பாவோ 2012இலோ 2014இலோ வாங்கியது இருந்தது. அதில் ஒரு எஸ்எஸ்டியைப் போட்டு, இன்னொரு 2 ஜிபி ரேமைச் சொருகி, லேசான லினக்ஸ் ஒன்றைப் பதிந்து, பென் டிரைவில் பாடங்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் அந்த ஒன்றரை ஆண்டை ஒப்பேற்றியிருப்பார்கள். ஊரடங்கில் நாங்கள் எல்லோரும் வேலை செய்யும் ஊர்களிலிருந்து மலைக்குத் திரும்பி வந்திருந்தோம். சிக்னல் கிடைத்த மேட்டில் கம்பெனி லேப்டாப்பை மடியில் வைத்து, அதில் எஸ்எஸ்டி சத்தமில்லாமல் வேலை செய்ய, ஊரிலிருந்தே சம்பளம் வாங்கினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடு மேய்க்கப் போவதைப் பார்த்தோம். காபி பறிக்கும் பருவம் வந்தபோது அதே பிள்ளை கூடையோடு தோட்டத்துக்குப் போனதையும் பார்த்தோம். "பாவம், படிப்பு போச்சு" என்று பேசிக்கொண்டோம். எங்கள் தலைக்கு மேலே பரண் இருந்தது.

கொரியர் வரவில்லை, கடை திறக்கவில்லை என்று முதல் சில மாதங்களுக்குச் சாக்குச் சொல்லலாம். ஊரிலேயே பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கும்வரைக்கும் அந்தச் சாக்கு தாங்காது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். 2020க்குப் பின் சில ஆண்டுகள் பிளஸ் டூ மாணவர்களுக்குப் புதிய லேப்டாப்பும் வரவில்லை. உலகம் முழுக்கச் சில் தட்டுப்பாடு என்றார்கள், பிறகு திட்டம் அப்படியே நின்றது. 2022 மார்ச்சில் நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் வந்தது. பாடம் பலவும் இணையத்தில், பயிற்சி பலவும் கணினியில். படிக்கச் சொன்னார்கள், படிக்கக் கருவி இல்லை. பழையதைக் கைமாற்றிக் கொடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் ஒன்று இருந்திருக்க முடியாது. தற்செயலாக அதே நேரத்தில்தான் எஸ்எஸ்டி விலையும் தரையைத் தொட்டது. 2023இல் 240 ஜிபி எஸ்எஸ்டி ஆயிரத்தைந்நூறு ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. அது எங்களில் ஒருவர் வார இறுதியில் நண்பர்களோடு ஓட்டலில் செலவழிக்கும் பணம்.

எதற்குச் சண்டை போட்டோம்

சும்மா இருந்தோம் என்று சொல்ல முடியாது. பதினைந்து ஆண்டும் பேசிக்கொண்டேதான் இருந்தோம். இலவசங்கள் நாட்டைக் கெடுக்குமா கெடுக்காதா என்று டீக்கடையிலும் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் பேசினோம். சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பு சொன்னது: தேர்தல் அறிக்கையில் இவற்றை வாக்குறுதியாக அளிப்பது சட்டப்படி ஊழல் நடைமுறை ஆகாது, ஆனால் தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறிகள் வகுக்க வேண்டும். அந்தத் தீர்ப்பை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டின. திட்டத்தை ஆதரித்த நாங்கள் எண்ணிக்கையைச் சொன்னோம். எதிர்த்த நாங்கள் செலவைச் சொன்னோம். நான்காவது வருடம் டிஸ்க் போனால் யார் மாற்றுவது என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை. படம் யாருடையது என்று பார்த்தோம், பாகம் என்ன என்று பார்க்கவில்லை. ஆட்சியில் கட்சி மாறியதும் கொடுத்த பொருள் அனாதையாயிற்று.

ஏற்காட்டில் ஆண்டுதோறும் மே மாதம் கோடை விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி எல்லாம் உண்டு. அதற்கு வரும் கூட்டத்தைக் குறித்துப் பெருமைப்படுகிறோம், போக்குவரத்து நெரிசலைத் திட்டுகிறோம். அந்தத் திடலில் ஒரு மேசை போட்டு, மலைக் கிராமத்துப் பிள்ளைகளின் லேப்டாப்பை இலவசமாகச் சரிபார்த்துக் கொடுக்கிறோம் என்று ஒரு பலகை வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சாலை, தண்ணீர், தெருவிளக்கு என்று கேட்போம், கேட்க வேண்டியவைதான். ஊரில் எத்தனை லேப்டாப் இருக்கிறது, எத்தனை ஓடுகிறது என்று ஒரு கணக்கெடுப்பு வேண்டும் என நாங்கள் எழுந்து நின்று கேட்கவில்லை.

பேணாமல் தூக்கிப் போட்டதற்கு மண்ணும் விலை கொடுக்கிறது. மலையைத் தோண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர் இது. சேர்வராயன் மலையின் பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியம் ஆனதை எங்கள் முந்தைய தலைமுறை பார்த்தது, தோண்டிய இடம் எப்படிக் கிடந்தது என்பதையும் பார்த்தது. ஒரு லேப்டாப் செய்ய இப்படி எத்தனை மலைகளிலிருந்து செம்பும் தங்கமும் கோபால்ட்டும் எடுக்கிறார்கள். அதன் வாழ்நாளில் சூழலுக்கு வரும் கேட்டில் பெரும் பங்கு தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஆகவே இருப்பதை இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டுவதுதான் உண்மையான சிக்கனம். உலகம் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் குவித்தது. முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் நாங்கள் போட்டது மீதிக் கணக்கில் இருக்கிறது.

இனி

இப்போது செய்வதற்கு முன்னைவிடச் செலவு அதிகம். செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியிலிருந்து எஸ்எஸ்டியும் ரேமும் விலை ஏறிவிட்டன. பழைய லேப்டாப்புக்கு என்று பலரும் தேடி வாங்கிய குரூஷியல் பிராண்டின் நுகர்வோர் விற்பனையை நிறுத்திக்கொள்வதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. மலிவாக இருந்தபோது தூங்கியதற்கு இது வட்டி. அதற்காக வேலையைக் கைவிட முடியாது. பொறுக்கி எடுத்துச் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கில் சொருகிவிடக் கூடாது. முதலில் பேட்டரியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் குத்தாமல், அழுத்தாமல், தனியே எடுத்து வைத்து முறையான மின்கழிவு சேகரிப்பில் சேர்க்க வேண்டும். மலை ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பெட்டி என்பதால் திறந்து, பூஞ்சையும் தூசியும் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஹார்டு டிஸ்க் இன்னும் படிக்கிறது என்றால் முதலில் அதிலுள்ள போட்டோக்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறிடத்தில் சேமிக்க வேண்டும். கல்யாண போட்டோவும் இறந்துபோன தாத்தாவின் ஒரே படமும் அதில் இருக்கலாம். பிறகு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் மிச்ச இடைவெளிக்கு ஒரு சின்னச் சட்டம் வைக்க வேண்டும். 120 ஜிபிகூடப் படிப்புக்குப் போதும். ரேம் 2 ஜிபி மட்டும் இருந்தால் அதையும் 4 ஆக்காமல் விடக் கூடாது, எஸ்எஸ்டி மட்டும் போட்டால் பாதிப் பலன்தான். அதன் பிறகு லினக்ஸ் மின்ட்டோ லுபுண்டுவோ போஸோ பதிந்து, தமிழ்99 தட்டச்சைச் சேர்த்துவிட்டால் பத்தாவது படிக்கும் பிள்ளைக்குத் தேவையானது எல்லாம் அதில் இருக்கும். மதர்போர்டே போனது, திரை உடைந்தது இவற்றையெல்லாம் பாகங்களுக்கு ஒதுக்கலாம். மூன்றைக் கழற்றி இரண்டை ஓட வைப்பது கேவலமல்ல.

எஸ்எஸ்டி போட்டாயிற்று என்று மறுபடி பரணில் ஏற்றினால் அதுவும் வீண். மின்சாரமே பாய்ச்சாமல் நீண்ட காலம் வைத்தால் எஸ்எஸ்டியில் எழுதியவை மங்கும். ஹார்டு டிஸ்க்காவது டிக் டிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஆகவே அதைப் பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும், நகலும் வைத்திருக்க வேண்டும்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கத் தொடங்கினார்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. எங்களுக்கு வந்ததைவிடப் பல மடங்கு மேலானது. மலையிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அது வந்து சேரும். 2030இல் அதன் பேட்டரி தளரும், விசிறியில் தூசி அடையும், இடம் நிரம்பும், உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். அன்று அது பரணுக்குப் போவதா, ஒன்பதாவது படிக்கும் தம்பிக்குப் போவதா என்பதை அரசாணை தீர்மானிக்காது. ஊரில் ஒருவருக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியுமா, அவர் யார் என்று ஊருக்குத் தெரியுமா என்பதுதான் தீர்மானிக்கும். பழுது பார்க்கும் உரிமை பற்றித் தில்லியில் 2022இலிருந்து குழு போட்டுப் பேசுகிறார்கள், நல்லதுதான். உரிமை வந்தாலும் பழுது பார்க்க ஒரு கை வேண்டும்.

2020இல் எட்டாவதில் பள்ளியை விட்டுத் தோட்டத்துக்குப் போன பிள்ளைக்கு இன்று வயது பத்தொன்பதை ஒட்டி இருக்கும். அந்த ஆண்டுகளை எந்த எஸ்எஸ்டியும் திருப்பிக் கொடுக்காது. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால், "எதுக்குண்ணா?" என்றுதான் கேட்கும். தன் வீட்டுப் பரணில் என்ன இருந்தது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மன்னிப்புக்குப் பதில் ஒன்று செய்யலாம். அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம்: வீடு வீடாகப் போய் லேப்டாப்புகளை எண்ணுவது, ஓடக்கூடியதை ஓட வைப்பது, வெளியூரில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு எஸ்எஸ்டிக்கான பணமும் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தருவது, மலையிலேயே இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு, அதில் ஒன்று பெண்ணாக, இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது. இதைச் செய்யாமல் போனால், அரசு கொடுத்தது ஓட்டை என்று பேசும் உரிமை எங்களுக்குக் கிடையாது.